மூலைக்கடையின் சாவி

உலகத்திலேயே அதிகக் கடைகளைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவள் ஜிப்பக்கா ஒருத்திதான். அவள் நடந்து வந்தால் கலகல என்று ஒரு கடைத்தெருவே நடந்து வரும். சரி, உலகத்திலேயே என்பது கொஞ்சம் கூடுதல்தான். கடைத்தெருவே என்பதும் கூடுதல். கடைகள் அவளுடையவை அல்ல, சாவிகள் மட்டும்தான் அவளிடம் இருந்தன. அவையும் பத்தொன்பதுதான். இவ்வளவையும் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் உண்மை.

அந்த ஊரின் கடைத்தெருவில் முப்பத்தொரு கடைகள். ஊருக்கு வெளியே ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருந்தவரை முப்பத்தொன்றும் திறந்திருந்தன. மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதினால் அறுநூறு பேர் தெருவுக்குள் நுழைவார்கள். தொழிற்சாலை மூடிய பிறகு சங்கும் இல்லை, ஆளும் இல்லை. முதலில் கடிகாரக்கடை, பிறகு துணிக்கடை, பாத்திரக்கடை, படம் பிடிக்கும் ஸ்டூடியோ என்று ஒவ்வொன்றாகக் கதவை இறக்கின. கடைசியில் பன்னிரண்டு கடைகள் மிஞ்சின. அந்தப் பன்னிரண்டு கடைக்காரர்களும் ஒருவர் கடையில் ஒருவர் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதைத்தான் வியாபாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்சந்தியிலிருந்த விளக்கு, பச்சையும் சிவப்பும் தானே மாறி மாறி எரிந்து தன் பொழுதைப் போக்கிக்கொண்டது.

இப்படி ஓர் ஊர் காலியாகும்போது ஒரே ஒரு தொழில் மட்டும் அமோகமாக நடக்கும். பெட்டி ரிப்பேர்.

வங்கிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஜிப்பக்காவின் இடம். ஒரு பக்கம் ஆள் உயரம், மறு பக்கம் முழங்கால் உயரம். நடுவில் ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, ஒரு மரப்பெட்டி நிறைய ஜிப்புகள். இருபத்திரண்டு வருடமாக அங்கே குனிந்தே உட்கார்ந்திருந்ததில், நின்றால்கூட யாருக்கோ வழி காட்டுவதுபோல் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் நிற்பாள். தலைக்கு மேல் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்னார் ஏறுகிறார், இன்னார் வாடிய முகத்தோடு இறங்குகிறார் என்று சொல்லிவிடுவாள்.

ஊரை விட்டுப் போகிறவர்கள் முதல் வேலையாகப் பெட்டியைத் தூசி தட்டி இறக்குவார்கள். கல்யாணத்தின்போது வாங்கிய பெட்டியாக இருக்கும். ஜிப் பாதி வழியில் சண்டித்தனம் பண்ணும். ஜிப்பக்காவிடம் கொண்டுவந்தால், பற்களின் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்து, இழுப்பானின் இரண்டு ஓரத்தையும் குறட்டால் ஓர் அழுத்து அழுத்தி, மூன்று தடவை இழுத்துக் காட்டுவாள். வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த மூன்று தடவைக்குள் போகிறவர் தன் கதையைச் சொல்லி முடித்திருப்பார். அடுத்து, சட்டைப்பையிலிருந்து கடைச்சாவி வெளியே வரும்.

"ரெண்டே வாரம், ஜிப்பக்கா. பார்த்துக்க ஆளு இல்ல."

முதலில் அப்படிச் சொல்லிச் சாவியைக் கொடுத்தவர் தெருமூலையில் கடிகாரக்கடை வைத்திருந்தவர். அவருடைய இரண்டு வாரம் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்குகிற ரகமல்ல ஜிப்பக்கா. வியாழக்கிழமை தோறும் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, துடைப்பமும் கையுமாகக் கிளம்பிவிடுவாள். பத்தொன்பது கடைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றாட விடுவாள். கதவிடுக்கில் விழுந்திருக்கும் கடிதங்களைப் பொறுக்கி, சொந்தக்காரருக்கு அனுப்புவாள். கூரை ஒழுகினால் வாளி வைப்பாள். பாத்திரக்கடையில் ஒரு எலி குடியிருந்தது. பூனையே அதற்கு வழிவிட்டு ஒதுங்கும் அளவுக்குப் பெரிய எலி. அதையும் அவள் துடைப்பத்தால் அடித்துத் துரத்தினாள், ஒரு வருடம் பாடுபட்டு. மூலைக்கடையின் சுவரில் ஆணி கழலாததால் விட்டுப்போன ஒரே ஒரு கடிகாரம் உண்டு. அதற்கு வாரம் ஒருமுறை முறுக்கு ஏற்றிவிட்டு வருவாள். எட்டு நாள் ஓடக்கூடிய கடிகாரம் அது. ஏழாம் நாள் இவள் போய்விடுவாள். அதனால் ஒன்பது வருடமாக அது நின்றதே இல்லை.

அந்த மூலைக்கடைமேல் அவளுக்கு ஓர் ஆசை.

இரண்டு பக்கம் கண்ணாடி. காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறு பக்கம். ஊசியில் நூல் கோக்க விளக்கே வேண்டாம். மூன்று மிஷின் போடலாம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு பை தைக்கலாம். பள்ளிக்கூடப் பை, சந்தைப் பை, தோள்பை. ரிப்பேருக்கு வருகிறவர்கள் ஊரை விட்டுப் போகிறவர்கள். பை வாங்க வருகிறவர்கள் இங்கேயே இருக்கப்போகிறவர்கள். வாழ்நாளில் கொஞ்சக் காலமாவது இருக்கப்போகிறவர்களுக்காகத் தைக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கடையின் கூரை உயரம். ஒரு வியாழக்கிழமை கடைக்கு நடுவில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை.

ஆனால் வாடகை? கடிகாரக்காரர் கேட்கமாட்டார் என்றாலும் சும்மா எடுத்துக்கொள்ள இவள் ஆளில்லை. தொழில் காலூன்றும்வரை ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்தக் கணக்கிலேயே ஆசை நின்றுபோயிருந்தது.

இந்த இடத்தில்தான் தம்பி வருகிறான்.

தம்பி என்றால் கூடப்பிறந்த தம்பி. எட்டு வயது இளையவன். அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு ஆறு வயது. அவன் பள்ளிக்குக் கொண்டுபோன பை, கல்லூரிக்குக் கொண்டுபோன பெட்டி, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டின் உள்பை எல்லாம் ஜிப்பக்காவின் கைவேலை. இப்போது கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். திறந்திருந்த பன்னிரண்டில் ஒன்று. அதோடு ஊர் முன்னேற்றக் கமிட்டியின் செயலாளர். நல்லவன்தான். எல்லோருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன். ஆபத்தே அதில்தான்.

கமிட்டி அதுவரை செய்த முன்னேற்றம் ஒரு பலகை. நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ் அளவுக்கு ஒரு பலகை வைத்து, 'வாருங்கள்! தொழில் தொடங்குங்கள்!' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வருடத்தில் அதைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர் ஒரே ஒரு லாரி டிரைவர். டயர் பஞ்சர். பலகையின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டுப் போனார்.

அதனால் புதிதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் முழங்கால் தாடையில் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு ஒரு வருடம் வாடகை கிடையாது, மூடிய கடைகளை அப்படியே கொடுத்துவிடலாம் என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஜிப்பக்கா மட்டும் ஆட்டவில்லை.

"யாரு வர்றவங்க? நீங்களே உங்க கடையை மூடிட்டு எதிர்க்கடையில போய் உட்கார்ந்துட்டா?" என்று கேட்டாள்.

"நான் ஏம்மா போகப்போறேன்?"

"சும்மா கிடைக்குதுன்னா நான்கூடப் போவேன். இந்தப் பக்கம் ஒண்ணு மூடும், அந்தப் பக்கம் ஒண்ணு திறக்கும். எனக்குத்தான் சாவி ஒண்ணு கூடும். ஊருக்கு என்ன லாபம்? வெளியூர்லேருந்து வர்றவங்களுக்கு மட்டும்னு போடுங்க. உள்ளூர்க்காரங்களுக்குக் கிடையாதுன்னு கண்டிப்பா எழுதுங்க."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. டீக்கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழ முயன்று, பெஞ்சோடு எழுந்து, "இந்தக் கமிட்டிக்கு மூளை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அது மாடிப்படிக்கு அடியில இருந்திருக்கு" என்றார். தம்பி குறிப்பு நோட்டில் அக்காவின் யோசனையை அப்படியே எழுதி, பக்கத்தில் அவள் பெயரையும் எழுதினான்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஜிப்பக்காவுக்கு உறைத்தது. தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"டேய், அப்போ எனக்கு?"

தம்பியும் நின்றான். அவனுக்கு மூலைக்கடை விஷயம் தெரியும். அவனிடம் அவள் எதை மறைத்திருக்கிறாள்?

"அக்கா, நீ இல்லாம இந்தத் திட்டமே கிடையாது. வெளியூர்ல இருக்கிறவங்க யாரு நான் கேட்டா கடையைக் குடுப்பாங்க? நீதான் போன் பண்ணணும். பதினெட்டு கடையை மட்டும் திட்டத்துல சேர்க்கலாம். மூலைக்கடையை நான் பட்டியல்லயே போடமாட்டேன். அது உனக்கு. கடிகார மாமாகிட்ட நீ தனியா பேசிக்கோ."

"கமிட்டியில கேட்டா?"

"செயலாளர் யாரு? நான்தானே. என்மேல நம்பிக்கை இல்லையா?"

அவனைத் தூக்கி வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அடுத்த மூன்று வாரம் ஜிப்பக்கா மிஷினை மிதித்ததைவிடப் போனில் பேசியதுதான் அதிகம். பதினெட்டு பேர், பதினெட்டு ஊர். ஸ்டூடியோக்காரர் அழுதார். துணிக்கடைக்காரர் தன் மூட்டுவலியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, எதற்காகப் போன் செய்தாய் என்று கேட்டார். பாத்திரக்கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே சீறினார்.

"கமிட்டியா? அவங்களை நம்பி நான் ஒரு கரண்டிகூடக் குடுக்கமாட்டேன்."

"நான் கேட்டா?"

"நீ சொன்னா சரிம்மா. எலி இன்னும் இருக்கா?"

"போயிடுச்சு."

"அப்போ எடுத்துக்கச் சொல்லு."

கடிகாரக்காரரோ அவள் கேட்டு முடிக்கும் முன்பே சிரித்தார். "ஒன்பது வருஷமா அது உன் கடைதானேம்மா. நான்தான் சும்மா பேரை வச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு வருஷம் வாடகையைப் பத்திப் பேசாதே. அப்புறம் நீயா பார்த்து ஏதாவது குடு. கடிகாரம் ஓடுதா?"

"ஓடுது மாமா."

அன்று சாயங்காலமே சாக்கட்டியும் அளவு நாடாவுமாக மூலைக்கடைக்குப் போனாள். தரையில் மண்டியிட்டு, மிஷின் ஒன்று இங்கே, இரண்டு அங்கே, வெட்டுப்பலகை ஜன்னல் ஓரம் என்று கோடு போட்டாள். பெட்டி மடித்த பெண்கள் இருவரும் வந்து அவரவர் கட்டத்துக்குள் நின்று பார்த்தார்கள். ஒருத்திக்கு வெயில் முகத்தில் அடித்தது. அவள் நகர மறுத்துவிட்டாள்.

திட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் கடைகளைப் பார்க்கலாம் என்று தேதி போட்டிருந்தார்கள். ஆனால் ஒருவருக்கு அதுவரை பொறுமையில்லை. மெத்தைக் கடைகள் பல ஊர்களில் வைத்திருந்த ஒருவர் நீளமான காரில் முன்கூட்டியே வந்து இறங்கினார். டீக்கடைக்காரர் ஓடிவந்து படியடியில் குனிந்து செய்தி சொன்னார்.

"ஜிப்பக்கா, வந்துட்டாரு ஒருத்தர்! காரைப் பார்க்கணும் நீங்க. முன்பக்கம் என் கடை வாசல்ல நிக்குது, பின்பக்கம் இன்னும் நெடுஞ்சாலையிலேருந்து வந்துக்கிட்டு இருக்கு."

தம்பி அவரைத் தெருவின் இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டு போனான். மெத்தைக்காரர் ஒவ்வொரு பூட்டையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தெருமூலைக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். படியடியிலிருந்து ஜிப்பக்காவுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. தம்பி எதையோ சொல்லித் தலையை இடமும் வலமும் ஆட்டினான். நல்லது என்று அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

பத்து நிமிடம் கழித்துத் தம்பி வந்து நின்றான்.

"அக்கா, மூலைக்கடைச் சாவியைக் கொஞ்சம் குடேன். உள்ளே எவ்வளவு உயரம்னு பார்க்கணுமாம். மத்த கடையெல்லாம் அதே அளவுதானே, ஒரு உத்தேசத்துக்கு."

"பாத்திரக்கடையைக் காட்டேன். அதுவும் அதே உயரம்தான்."

"அங்கே வெளிச்சம் பத்தலை. சும்மா காட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல தந்துடறேன். பெரிய மனுஷன், முகத்துல அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்லமுடியலை."

சாவி வளையம் கெட்டியானது. ஒன்பது வருடமாக அதிலிருந்து எதையும் எடுத்ததில்லை, சேர்த்ததுதான் உண்டு. அடியில் கிடந்த முதல் சாவியை எடுக்க, மேலே இருந்த பதினெட்டையும் ஒவ்வொன்றாக வளைத்துக் கழற்ற வேண்டியிருந்தது. கட்டைவிரல் நகம் பாதியில் உடைந்தது. தம்பி குனிந்து அவளுடைய விரலைப் பார்த்து, "ஐயோ, மெதுவா" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

ஐந்து நிமிடம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. தம்பி வரவில்லை. மறந்திருப்பான், ராத்திரி சாப்பாட்டுக்கு வரும்போது தருவான் என்று நினைத்தாள். சாப்பாட்டுக்கும் வரவில்லை. தலைவலியாம்.

மறுநாள் காலை மூலைக்கடையில் புதுப் பூட்டு தொங்கியது. கண்ணாடி இரண்டிலும் உள்பக்கமாகப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் தாள் கிழிந்திருந்தது. ஜிப்பக்கா அதன்வழியே பார்த்தாள். அவள் போட்ட கட்டங்களின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள் படுத்துக்கொண்டிருந்தன.

அப்போதும் அவள் தம்பியைச் சந்தேகப்படவில்லை. கமிட்டியில் எவனோ நெருக்கியிருக்கிறான், பாவம் இவன் என்ன செய்வான், வந்து சொல்லுவான் என்றே மூன்று நாள் காத்திருந்தாள். மூன்று நாளும் அவன் படியடி இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாகவே நடந்துபோனான். நான்காம் நாள் கடிகாரக்காரர் போன் செய்தார்.

"என்னம்மா, கடை வேண்டாம்னுட்டியாமே? முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேனே."

"யாரு சொன்னாங்க மாமா?"

"உன் தம்பிதான். தூசி உனக்கு ஒத்துக்கலையாம், மூச்சு வாங்குதாம், டாக்டர் வேண்டாம்னுட்டாராம். 'அக்கா உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படறா, நீங்க கேட்டுக்காதீங்க'ன்னான். அதான் மெத்தைக்காரருக்கே குடுத்துடுன்னேன். உடம்பு இப்போ எப்படி இருக்கு?"

ஒன்பது வருடம், வாரம் தவறாமல், அந்தத் தெருவின் மொத்தத் தூசியையும் தன் மூக்கில் வாங்கியவள் ஜிப்பக்கா. தூசி ஒத்துக்கவில்லையாம்.

"பரவாயில்ல மாமா" என்றாள். வேறு என்ன சொல்வாள்? என் தம்பி பொய் சொல்கிறான் என்று வெளியூரில் இருக்கும் பெரியவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கடையைப் பறித்தது ஒரு பக்கம். அதை அவள் வாயாலேயே வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிப் பறித்ததுதான் அவளை உட்காரவைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் சேர்த்த நம்பிக்கை அவள் பேச்சில் இருந்தது. அதைத்தான் அவன் எடுத்துச் செலவழித்திருக்கிறான், அவளுக்கு எதிராகவே.

மிஷினுக்கு உறைகூடப் போடாமல் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள். தம்பி யாருக்கோ பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் போகும்வரை காத்திருந்தாள்.

"எனக்கு மூச்சு வாங்குதாமே?"

அவன் மிஷினின் மூடியைத் திறந்தான், மூடினான். "அக்கா, கேளு. அவர் வந்தா பின்னாடியே இன்னும் ரெண்டு கடைக்காரங்க வர்றாங்க. ஆனா மூலைக்கடை இல்லன்னா அவர் வரமாட்டேன்னுட்டார். மூணு கடைக்கு ஒரு கடை. நீயே சொல்லு, எது ஊருக்கு நல்லது?"

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீ குடுத்திருப்பே. அது எனக்குத் தெரியும். அப்புறம் வாழ்நாள் முழுக்க நான் உன்கிட்டேருந்து பிடுங்கினவன்னு இருக்கணும்."

"இப்போ மட்டும்?"

அவன் முகம் சிவந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து கமிட்டி நோட்டை எடுத்து விரித்தான். "நீதானே சொன்னே, உள்ளூர்க்காரங்களுக்குக் கிடையாதுன்னு? கண்டிப்பா எழுதச் சொன்னது நீதானே? இதோ பாரு, உன் பேர்லயே இருக்கு. உனக்கு மட்டும் குடுத்தா நாளைக்கு ஊரே என்னைக் கேட்காதா?"

நோட்டில் அவனுடைய மணிமணியான கையெழுத்து. அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளும் அவள்தான்.

"நீ எங்கேக்கா போயிடப்போறே?" என்று அவன் குரலைத் தணித்துக் கேட்டான். "இங்கேதானே இருக்கப்போறே. அடுத்த வருஷம் வேற ஒரு கடையைப் பார்த்துக்கலாம்."

பொய்யைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்தச் சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. இவள் எங்கே போய்விடப்போகிறாள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது. போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் இருக்கிற மரியாதை, இருக்கிறவளுக்கு இல்லை.

அன்று முதல் அவள் மிச்சத் துணியில் உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தாள். பதினெட்டு பை. ஒவ்வொன்றிலும் ஒரு ஜிப், ஒரு சாவி, ஒரு துண்டுக் கடிதம். கடிதத்தில் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. 'உங்கள் கடை நல்லபடியாக இருக்கிறது. இதுவரை என்னை நம்பிக் கொடுத்திருந்தீர்கள். இனி நீங்களே பார்த்து, யாருக்குக் கொடுக்க விருப்பமோ அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள்.' சனிக்கிழமை எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். இடுப்பு லேசாகிவிட்டது. நடக்கும்போது சத்தமே வரவில்லை. தெருநாய் அடையாளம் தெரியாமல் குரைத்தது.

திங்கட்கிழமை கடை பார்க்கப் பதினோரு பேர் வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். தம்பி புதுச்சட்டையில் ஓடிவந்தான்.

"அக்கா, சாவி!"

"அனுப்பிட்டேன்."

"எங்கே அனுப்பினே?"

"யாரோடதோ அவங்களுக்கு."

அவன் பஸ் நிறுத்தத்தைத் திரும்பிப் பார்த்தான். "அந்தப் பதினோரு பேருக்கும் நான் எதைக் காட்டறது?"

"மூலைக்கடையைக் காட்டு. வெளிச்சம் நல்லா இருக்கும்."

பதினோரு பேரும் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, மதிய பஸ்ஸில் போய்விட்டார்கள். கமிட்டி ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போன் செய்தது. 'ஏன், ஜிப்பக்கா எங்கே?' என்பதே எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. பதில் சரியாக வராததால் பேச்சு அங்கேயே நின்றது. மெத்தைக்கடை மட்டும் திறந்தது. அதன் பின்னால் வருவதாக இருந்த இரண்டு கடைக்காரர்கள் இன்றுவரை வந்துகொண்டேயிருக்கிறார்கள். மெத்தைகளைக் கண்ணாடி ஓரமாகக் கூரைவரை அடுக்கியதில், அந்தக் கடைக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. சுவர்க்கடிகாரம் எட்டாம் நாளே நின்றுவிட்டது. அதைக் கேட்க ஆளில்லை.

ஊர் யாரைத் திட்டியது? ஜிப்பக்காவைத்தான். வந்த நல்லதைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். அவள் ஜிப் போட்டுக் கொடுத்த பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். பெட்டி மடித்த பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கடைக்காரர்கூட ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்.

"உங்க மேல தப்பே இல்ல. ஆனா சாவியை மட்டும் குடுத்திருக்கலாம், ஜிப்பக்கா."

"ஒண்ணு குடுத்தேனே" என்றாள்.

அதே டீக்கடைக்காரர்தான் அடுத்த மாதம், வடை மடிக்க எடுத்த பத்திரிகைத் தாளைக் கசக்காமல் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். நாற்பது நிமிடப் பஸ் தூரத்தில் இருந்த பக்கத்து ஊர் ஒரு விளம்பரம் கொடுத்திருந்தது. காலிக் கடைகள், ஒரு வருடம் வாடகை இல்லை. கீழே ஒரு வரி: வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும். அவளுடைய யோசனையை எழுத்துப் பிசகாமல் திருடியிருந்தார்கள்.

அந்த ஊர் அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

ஜிப்பக்கா சொன்னாள்.

"அப்போ நீங்க வெளியூர்" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு படிவத்தை நீட்டினாள். "வாங்க, வாங்க. உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் தன் சொந்த ஊரில் அவளை யாரும் 'வாங்க, உட்காருங்க' என்று சொன்னதில்லை. அவள்தான் முதலிலேயே உட்கார்ந்திருப்பாளே. தண்ணீரை வாங்கிக் குடித்தவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புரையேறிவிட்டது என்றாள்.

கிளம்பும் அன்று தன் பெட்டியின் ஜிப்புக்கு மெழுகு தேய்த்து, மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். வீட்டைப் பூட்டினாள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். கொடுக்க ஆளில்லை. தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். வெயில் முகத்தில் அடித்தபோது நகராத அந்தப் பெண் மட்டும் தன் மூட்டையோடு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

பக்கத்து ஊரில் இன்றைக்கு ஜிப்பக்காவின் பைக்கடையைத் தெரியாதவர் இல்லை. ஏழு மாதம் கழித்துத் தம்பி அங்கே தேடிக்கொண்டு வந்தான். வாசலில் அவன் நிழல் விழுந்ததுமே ஜிப்பக்கா மிஷினை நிறுத்தினாள். நாற்காலியை விட்டு எழுந்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு? எந்த ஊரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. வந்த காலோடு திரும்பிப் பஸ் ஏறியவன், ஊர் போய்ச் சேரும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இந்த இடம் வரைக்கும் நான் எழுதி, ஜிப்பக்காவின் கடையில் உட்கார்ந்து அவளுக்கே படித்துக் காட்டியபோது, தையலை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் இங்கே மட்டும் கையை உயர்த்தினாள்.

"அப்படியெல்லாம் நான் கேட்கலை. அதை அடிச்சிடுங்க. 'உள்ளே வாடா, வெயில்ல நிக்காதே'ன்னுதான் சொன்னேன். நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவன் உட்காரலை. நடுவுல நின்னு கடையைச் சுத்திச் சுத்திப் பார்த்தான். நீ எப்படிக்கா இருக்கேன்னு கேட்பான்னு நினைச்சேன். கையில ஜெராக்ஸ் கடைச் சாவியை உருட்டிக்கிட்டே, இங்கே வெளியூர்லேருந்து வர்றவங்களுக்கு எத்தனை மாசத்துக்கு வாடகை கிடையாதுன்னு கேட்டான். பன்னிரண்டுன்னு சொன்னேன்."